ஆலங்கட்டி மழைக்குத் தந்த போர்வை

சில்காகோச்சா
26 ஏப்ரல் 2009

மதிப்பிற்குரிய பெனிதா அம்மா அவர்களுக்கு,

மெலித்தோன் கோயோ வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். என் தங்கை காசில்டா நலம். அல்பாக்காக்கள் நலம், ஒன்று மட்டும் நொண்டுகிறது. உங்கள் நலமும், மகள் ரொசென்டா, மருமகன் வில்பெர், அடுப்படியில் ஓடும் கினிப்பன்றிகள் எல்லாருடைய நலமும் அறிய ஆவல்.

"எழுதத் தெரியும்னு இவ்ளோ பெருமை அடிச்சுக்கறீங்களே, ஊருக்குப் போய் ஒரு கடுதாசி போடுங்க, பாப்போம்" என்று சொன்னீர்கள். இதோ போட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம் இது. அல்பாக்காக்களைப் பட்டியில் அடைத்த பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். உருளைக்கிழங்கு தோண்டினால்கூடக் கை இப்படி வலிக்காது. என் விரல்கள் பேனாவை மண்வெட்டிப் பிடி என்று நினைத்துக்கொள்கின்றன.

அன்று நடந்ததில் உங்கள் பங்கு உங்களுக்குத் தெரியும். என் பங்கை எழுதுகிறேன்.

உங்கள் ஊர் வழியாக நான் எத்தனையோ தடவை கிழங்கு மூட்டையோடு போயிருக்கிறேன். சுமையோடு போகிறவன் தரையைப் பார்த்துத்தான் நடப்பான். கையை வீசிக்கொண்டு ஒயான்தாய்தாம்போவைச் சுற்றிப் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. முதியோர் வகுப்பு முடிந்த சந்தோஷத்தில் டீச்சர் எலியானா எங்களை லாரியில் ஏற்றிக் கூட்டி வந்தார். "எழுதின பலகை நிறைய இருக்கற ஊரு. ஆசை தீரப் படிங்க" என்றார்.

அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டிய கோட்டையின் வாசலில் காவல்காரர் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "படிக்காதவர்னு போட்டிருக்கு. அந்தப் பலகையை ஏன் இப்படி முறைச்சுப் பாக்கறீங்க?"

"அது பழைய அட்டை தம்பி" என்றேன்.

மேலே ஏறியதும் இன்னொரு பலகை. நீளமாக இருந்தது. நின்றுகொண்டு படித்தால் கால் கடுக்கும் என்று பக்கத்தில் இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அதே காவல்காரர் ஓடி வந்தார்.

"பெரியவரே, என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சுக்கிட்டேதான் இருக்கேன். 'கற்களின் மேல்' வரைக்கும் வந்துட்டேன்."

"அடுத்தது 'உட்காராதீர்கள்'!"

"அங்க வந்ததும் எழுந்துக்கறேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். உச்சியில் அந்த ரோஜா நிறக் கற்களை நெடுநேரம் பார்த்தேன். அவற்றின் மேல் எழுத்து எதுவும் இல்லை. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இறங்கும்போது மற்றவர்கள் லாரிக்குப் போனார்கள். நான் தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே பின்தங்கிவிட்டேன். உங்கள் வாசல், அம்மா, கோட்டை வாசல் மாதிரியே இருக்கிறது. அதே கல், அதே சாய்வு, மேலே அதே ஒற்றைப் பாறை. இதுவும் பார்க்க வேண்டிய இடம் என்றுதான் உள்ளே வந்தேன். தொப்பியைக் கழற்றினேன். சுவர் மாடத்தில் நல்ல கோகா இலைகளாகப் பார்த்து மூன்றை வைத்துக் கும்பிட்டேன். அந்த மாடத்தில் உங்கள் ரேடியோ இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

நீங்கள் கையில் துடைப்பத்தோடு நின்றீர்கள். "என்ன தேடறீங்க?"

"ராஜா தூங்கின இடம் எதுன்னு..."

"ராஜா தூங்கின இடம் தெரியாது. என் மருமகன் தூங்கற இடம் அதோ இருக்கு. பாக்கறீங்களா?"

அதற்குப் பிறகு நீங்கள் வீட்டில் வடித்த சோளக் கள், சிச்சா, ஊற்றித் தந்தீர்கள். என் மனைவி போன கதையை நான் சொன்னேன், உங்கள் கணவர் இலாரியோ போன கதையை நீங்கள் சொன்னீர்கள். இரண்டு பேருமே அழவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. லாரி ஹாரன் அடித்தபோது ஆலங்கட்டி கொட்டியது. உங்கள் தோளிலிருந்த போர்வையை எடுத்து என் தலைமேல் போட்டு, "ஓடுங்க!" என்றீர்கள். ஓடினேன்.

சில்காகோச்சாவில் அந்தப் போர்வையோடு இறங்கினேன். சிவப்புப் போர்வை, உங்கள் பள்ளத்தாக்கு நெசவு, பெண்பிள்ளைப் போர்வை. எங்கள் ஊர் விடுமா?

"என்ன மெலித்தோன், படிக்கப் போனியா, பொண்ணு தூக்கப் போனியா?"

காசில்டா ஓரத்தைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். "அண்ணே, இது யாரோடது?"

"ஆலங்கட்டி மழை பெஞ்சுது."

"மழை நெசவு பண்ணாது."

பெண்ணின் போர்வையைக் கொண்டுவந்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணத்தோடு நான் கொண்டுவரவில்லை, சத்தியமாக. ஆனால் ஊர் பேசும்போது நான் மறுக்கவில்லை. நீங்கள் மறுக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். போர்வையை மடித்து, எலி எட்டாத உத்தரத்தில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மெலித்தோன் கோயோ
(சொந்தக் கையால் எழுதியது)


ஒயான்தாய்தாம்போ
5 மே 2009

மெலித்தோன் ஐயாவுக்கு,

பெனிதா எழுதுவது. லாரிக்காரர் தொரிபியோ உங்கள் கடிதத்தைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கொஞ்சம் எண்ணெய் வாசனை. ஆனாலும் எல்லா எழுத்துகளும் நேராக நிற்கின்றன. சிப்பாய்கள் மாதிரி. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், என் எழுத்து சந்தையில் நிற்கிற ஆட்கள் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கும்பிட்ட நாளிலிருந்து ரேடியோ கரகரக்காமல் பாடுகிறது. "அந்த ஐயாவை வரச் சொல்லுங்க அத்தை, டிவியையும் ஒரு தடவை கும்பிடட்டும்" என்கிறான் வில்பெர்.

போர்வை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பாலத்தை எட்டும் முன்பே ஆலங்கட்டி மழை நின்றுவிட்டது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயில் அடித்தது. திரும்பி வந்து தந்திருக்கலாம். லாரி ஹாரன் அடித்தது என்பீர்கள். லாரி எப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இங்கேயும் ஊர் இருக்கிறது, ஐயா. ரயிலடியில் வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும் விற்க வெறும் தோளோடு போனேன். பக்கத்துக் கடைக்காரி கேட்டாள்: "குளிரலையா பெனிதா? இல்ல, வேற எங்கயோ கதகதப்பா இருக்கா உன் போர்வை?" கூடையோடு அவள் தலையில் கவிழ்க்கலாம் என்று வந்தது. கவிழ்க்கவில்லை. சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

மறுக்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இலாரியோ போன பிறகு இந்த வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஆண் யாரும் இல்லை. இடம் தெரியாமல் கழற்றினாலும் கழற்றியது கழற்றியதுதான்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு எங்கள் சோக்கேகில்கா ஆண்டவர் திருவிழா. போர்வைக்கு என்ன வழக்கமோ அது அன்றைக்கு நடக்கட்டும். நீங்கள் பழைய மனிதர். வழக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பெனிதா யூக்ரா


சில்காகோச்சா
15 மே 2009

அன்புள்ள பெனிதா அம்மாவுக்கு,

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. தொரிபியோ லாரியிலிருந்தே "மெலித்தோன் கோயோ! கடுதாசி!" என்று கத்தினார். ஊரே கூடிவிட்டது. "படி, படி" என்றார்கள். ரேடியோ கரகரக்கவில்லை என்ற பகுதியை மட்டும் படித்தேன்.

"இவ்ளோ பெரிய தாள்ல ரேடியோ மட்டுமா இருக்கு?" என்று காசில்டா கேட்டாள்.

"மத்ததெல்லாம் கினிப்பன்றி பத்தி" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

பிறகு கிடைப் பக்கம் போய் பாறைமேல் உட்கார்ந்து முழுதும் படித்தேன். இங்கே உட்காராதீர்கள் என்று பலகை இல்லை. மறுநாளும் படித்தேன். காசில்டா சாப்பாடு கொண்டுவந்தவள் என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்: "ஒரு தாளை எத்தனை நாளு படிப்ப?"

"சீக்கிரம் முடிஞ்சிரக் கூடாதுன்னு மெதுவாப் படிக்கறேன்."

"மறுக்கிறேனா" என்று தொடங்கும் இடத்தில் என் விரல் பட்டுப் பட்டு மை கலைந்துவிட்டது. பரவாயில்லை, அது எனக்கு மனப்பாடம்.

வழக்கப்படியே ஆகட்டும். நீங்கள் திருவிழா நாளைச் சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அதற்கான பாடம் டீச்சர் இன்னும் நடத்தவில்லை. ஆகவே செய்த வேலையை எழுதுகிறேன். வீட்டுக் கூரையின் பழைய புல்லைப் பிரித்துவிட்டுப் புதுப் புல் வேய்ந்தேன். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கைகொடுத்தார்கள், நாளைக்கு அவர்கள் கூரைக்கு நான் போவேன். கூரை முகட்டில் வீட்டுக்குக் காவலாக இரண்டு மண் காளைகள் வைத்தேன். ஒன்றுக்குக் கொம்பு உடைந்திருந்தது, புதிது வாங்கினேன். புகைபிடித்த சுவருக்கு வெள்ளை மண் பூசினேன். காசில்டா சொல்கிறாள், எனக்கே வெள்ளை மண் பூசியது போல இருக்கிறேனாம்.

பனியில் உலர்த்திய கிழங்கு ஒரு பை தொரிபியோவிடம் கொடுத்திருக்கிறேன். திருவிழாக் குழம்புக்கு ஆகும்.

அன்றைக்கு எல்லாம் தயாராக இருக்கும்.

அன்புடன்,
மெலித்தோன்


ஒயான்தாய்தாம்போ
3 ஜூன் 2009

மெலித்தோன் கோயோ அவர்களுக்கு,

திருவிழா நன்றாக முடிந்தது. கிழங்குக்கு நன்றி.

சோள அறுவடை நடக்கிறது, எனக்குச் சுமக்கத் துணி வேண்டும். என் போர்வையைத் தொரிபியோவிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதற்காக நீங்கள் சிரமப்பட்டு எதுவும் எழுத வேண்டாம்.

பெனிதா யூக்ரா


சில்காகோச்சா
9 ஜூன் 2009

அன்புள்ள பெனிதா அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். அதைப் படித்தேன், புரிந்தது. ஆனாலும் போர்வையை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. தொரிபியோ லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவர் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

எனக்குக் கோபம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

திருவிழா அன்று காலையிலேயே குளித்துவிட்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போய்விட்டேன். காசில்டா சிச்சா வடித்திருந்தாள். புல்லாங்குழல்காரரையும் முரசுக்காரரையும் யார் அழைத்தது என்று தெரியவில்லை, அவர்களும் வந்து நின்றார்கள். கீழேயிருந்து ஒரு வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டால் குழல் தொடங்கும். வண்டி வந்ததும் நின்றுவிடும். இறங்கியவர் ஒருவர் கால்நடை மருத்துவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தனக்குத்தான் வரவேற்பு என்று நினைத்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். நொண்டி அல்பாக்காவுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார், அந்த மட்டில் லாபம்.

"இறங்கறது பூரா கோழியும் மூட்டையுமா இருக்கே" என்று காசில்டா முணுமுணுத்தாள். பிறகு சிச்சாக் குடத்தை மூடிவிட்டாள். பனி இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் மலையில் ஒரு பெண்ணின் போர்வை ஒருவனிடம் போனால், அவள் தன் காலால் நடந்து வந்து கேட்பாள். வந்தால் சம்மதம். வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள், அனுப்பவே மாட்டார்கள். என் அம்மா அப்படித்தான் வந்தாள். என் மனைவியும் அப்படித்தான் வந்தாள், மூன்று மலை தாண்டி, காலில் கொப்புளத்தோடு. ஆள் அனுப்பிக் கேட்டால், இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

நீங்கள் தொரிபியோவை அனுப்பிவிட்டீர்கள். புரிந்துகொண்டேன். இந்தக் குளிருக்கும் இந்தக் கிழவனுக்கும் ஏறி வரத் தோன்றாதது உங்கள் குற்றம் இல்லை. உங்களுக்குக் கீழே வெயில் இருக்கிறது, வாசலில் தண்ணீர் ஓடுகிறது.

போர்வையைத் துவைக்கவில்லை, மன்னிக்க வேண்டும். துவைத்தால் உங்கள் அடுப்புப் புகை வாசனை போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் எழுதக் கற்றபோது என் பெயரை எழுதத்தான் கற்றேன். அதற்குப் பிறகு எழுத எனக்கு ஒரு காரணம் தந்தவர் நீங்கள். அதற்கு நன்றி.

தொரிபியோ ஹாரன் அடிக்கிறார். லாரி எப்போதும் ஹாரன் அடிக்கிறது.

மெலித்தோன்


ஒயான்தாய்தாம்போ
13 ஜூன் 2009

மெலித்தோனுக்கு,

அட மனுஷா!

கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே போய் ரேடியோவை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன். பிறகு சிரித்த சிரிப்பில் ரொசென்டா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஏறி வரத் தோன்றவில்லையாம்! எங்கள் பள்ளத்தாக்கில் போர்வையைக் கொண்டுபோனவன்தான் கொண்டுவர வேண்டும். கோகா இலையும் மலைநாட்டு இறைச்சியும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, வாசலில் வந்து நிற்க வேண்டும். பெண் போய்க் கேட்பதாவது! அப்படிக் கேட்டால் எங்கள் தெருவில் அவளை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். திருவிழா தாண்டியும் போர்வையை வைத்துக்கொள்கிறவன் விளையாட்டுக்காரன் என்று அர்த்தம்.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். இந்த வீட்டில் சிச்சா உண்டு என்று தெரிய, வாசல் கம்பில் புதுச் சிவப்புப் பை கட்டினேன். நான்கு கினிப்பன்றிகளைச் சுட்டேன், அதில் ஒன்று நீங்கள் தடவிக் கொடுத்தது, வருத்தமாகத்தான் இருந்தது. பூ வைத்த தொப்பி போட்டுக்கொண்டு கதவை இரண்டு பக்கமும் திறந்துவைத்து உட்கார்ந்தேன். முகமூடி ஆட்டக்காரர்கள் தெருவில் போனார்கள். ஒவ்வொரு முகமூடிக்குள்ளும் நீங்கள் இருக்கிறீர்களோ என்று பார்த்தேன். குட்டையான ஒருவனை "நீங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். பார்த்தால் அவர் ஊர்த் தலைவர்.

பக்கத்துக் கடைக்காரி வந்து ஒரு கினிப்பன்றியைத் தின்றுவிட்டு, "மலைக்காரங்க மெதுவாத்தான் வருவாங்க" என்றாள். அந்தக் கோபத்தில்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். நான்கே வரி. நீங்கள் கோபமே இல்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், விடுங்கள்.

கூரைக்குப் புல் வேய்ந்தேன் என்று எழுதினீர்களே. யாருக்காக என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா நான்?

இப்போது கவனமாகப் படியுங்கள், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் படியுங்கள். போர்வையை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். "இந்தத் துணிக்கு இனிமே டிக்கெட் வாங்கணும் போலிருக்கே" என்கிறார் தொரிபியோ. அதை உத்தரத்தில் பழைய இடத்திலேயே வையுங்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் என் காலால் ஏறி வந்து அதைக் கேட்பேன். கணவாய்வரை லாரியில் வருவேன், அதற்கு மேல் நடப்பேன், கொப்புளம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். குழல்காரர் எனக்காக வாசிக்கட்டும், அதற்கு முன் யார் இறங்கினாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். காசில்டாவுக்குச் சோளம் கொண்டுவருகிறேன்.

அது உங்கள் வழக்கம். அதை முடித்த பிறகு எங்கள் வழக்கம். அதே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் என்னோடு இறங்கி வர வேண்டும். எங்கள் தெருவில் பத்துப் பேர் பார்க்க, பட்டப்பகலில், இந்த வாசலில் நிற்க வேண்டும். கடைக்காரி கட்டாயம் பார்க்க வேண்டும். பிறகு கிழங்குக் காலத்தில் மேலே, சோளக் காலத்தில் கீழே. உங்கள் அல்பாக்காவும் என் கினிப்பன்றிகளும் பேசி முடிவுசெய்துகொள்ளட்டும்.

ஒயான்தாய்தாம்போவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் பாதியில் போய்விட்டீர்கள். மீதியையும் பாருங்கள். இந்த வீட்டுக் கல்லில் உட்காரலாம், பலகை கிடையாது. அன்றைக்கு நீங்கள் தேடி வந்த இடத்தையும் காட்டுகிறேன். மாடத்துக்குக் கீழே, சுவரோரம். வில்பெரின் படுக்கையை இன்று காலையில்தான் அங்கிருந்து எடுக்கச் சொன்னேன்.

பெனிதா